தாடைக்குள் இரண்டு வாசல்

ஹான்சான் சந்தைத் தெருவில் எள்ளை வறுத்து எண்ணெய் பிழிகிற கடை ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் யுன்சொல் பல் மருத்துவமனை நடத்திவந்தாள். மருந்து நெடியோடு வறுத்த எள்ளின் மணமும் சேர்ந்தே படியேறி வரும். ஆகையால் பல்வலி என்று வந்தவர்களுக்குக்கூட அங்கே உட்கார்ந்த சற்று நேரத்தில் பசி எடுத்துவிடும். இலையுதிர்காலம் தொடங்கியிருந்தது. ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து எழுந்த பனிமூட்டம் நாணற்காடுகளைக் கடந்து ஊருக்குள் வந்து, நண்பகலாகியும் கலையாமல் கூரைகளின்மேல் சோம்பிக் கிடந்தது. துணி நெய்ய மோசிச் செடியின் நாரைப் பிளப்பவர்களுக்கு அப்படிப்பட்ட ஈரமான நாள்தான் உகந்தது. காற்று காய்ந்தால் நார் முறியும்.

அப்படி ஓர் அருமையான நாளை வீணாக்கிவிட்டுப் பூன்ரே மருத்துவமனையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அறுபதைக் கடந்தவள். மோசிச் செடியின் உட்பட்டையைப் பல்லால் கீறி, தலைமுடி போன்ற இழைகளாகப் பிளப்பது அவளுடைய தொழில். அவளுடைய முன்பற்களில், நார் ஓடி ஓடி விழுந்த பள்ளங்கள் வண்டித்தடம் போலத் தெரியும். கீறுவதுதான் பல்லின் வேலை. இழை தடித்ததா மெலிந்ததா என்று அளப்பதெல்லாம் கீழுதடு. கண்ணுக்குப் புலப்படாத வேறுபாட்டை உதட்டின் ஓரம் கண்டுகொள்ளும். பட்டையை இறுகப் பிடித்துக்கொள்ள உதவிய இடப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் வேரோடு பிளந்துபோக, வசந்தத்தில் யுன்சொல் அதைப் பிடுங்கி எடுத்திருந்தாள். இன்று இரண்டு மணிக்கு அந்தப் பள்ளத்தில், எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகை இறக்கி, புதுப் பல்லுக்கு வேர் அமைப்பதாக ஏற்பாடு.

துணைக்கு வந்திருந்தவள் தொக்சிம். பூன்ரேயோடு ஒரே அறையில் உட்கார்ந்து நார் பிளப்பவள். வயதில் இளையவள், வாயில் மூத்தவள்.

"டாக்டரம்மா, சாப்பிட்டாச்சா?" என்று எழுந்த பூன்ரே, யுன்சொலின் மேலங்கிப் பைக்குள் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். "மோசி இலை அரைச்சுப் போட்டு அவிச்ச அரிசிப் பணியாரம். பல்லுல அப்படியே ஒட்டிக்கும், அடைச்சு வெச்சதையெல்லாம் பேத்துகிட்டு வந்துடும். ஊர் பூரா குடுங்க, உங்களுக்குத்தான் வியாபாரம்!"

"அக்காவுக்குப் பயம், டாக்டரம்மா," என்றாள் தொக்சிம். "பயந்தா இப்படித்தான், யாரைப் பாத்தாலும் பணியாரம் குடுப்பா. பஸ்ஸுல டிரைவருக்கே குடுத்துட்டு வரா."

"சும்மா கெடடி. ஊசியும் கத்தியும் எனக்குப் பெரிசில்ல. இந்த உதடு மரத்துப் போயிடுமோன்னுதான்..." பூன்ரே கீழுதட்டை விரலால் தொட்டுக்கொண்டாள். "எங்க நாத்தனாருக்கு எங்கேயோ இப்படித் திருகு போட்டாங்க. சூப்பு மோவாயில வழிஞ்சாக்கூட அவளுக்குத் தெரியறதில்ல. அவ தோட்டத்துல பூண்டு நடுறவ, தொடைச்சுகிட்டுப் போயிடுவா. நான் உதட்டை வெச்சுல்ல பொழைக்கிறேன்?"

"அதுக்குத்தாம்மா படம் எடுத்திருக்கு. உதட்டுக்குப் போற நரம்பு எலும்புக்குள்ள எங்க ஓடுதுன்னு கோடு போட்டுப் பாத்துட்டேன். அதுக்கு மேல தாராளமா இடம் விட்டுத்தான் திருகு நிக்கப்போகுது," என்றாள் யுன்சொல்.

"அட, அக்கா உதடு அவ்வளவு லேசுல தூங்காது!" தொக்சிம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "வசந்தத்துல பல்லுப் பிடுங்கினப்போ ஊசி போட்டீங்களே, வாயெல்லாம் மரக்கட்டை ஆயிடுச்சு. ஆனா இந்த ஓரத்துல மட்டும் ஒரு வேர்க்கடலை அளவுக்கு முழிச்சுகிட்டே இருந்துச்சாம். வீட்டுக்குப் போய் அந்த வேர்க்கடலையை வெச்சுகிட்டே நார் தடவிப் பாத்தாளே, வேலைப் பைத்தியம்!"

எல்லோரும் சிரித்தார்கள். யுன்சொலும் சிரித்தாள். சந்தை இரைச்சல் காதில் விழுவதுபோல அந்தப் பேச்சும் அவள் காதில் விழுந்தது. விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தது.

மதியம் கத்தரிக்கோலால் நறுக்கிய முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயோடு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்ததும், உதவியாளர் மிஹ்வா வழக்கம்போலத் திரைகளை இழுத்து, விளக்குகளை அணைத்தாள். சாப்பாட்டு நேரத்தின் மிச்சத்தில் நோயாளிகளின் சாய்வு நாற்காலியிலேயே படுத்து உறங்கிக்கொள்வது அந்த மருத்துவமனையின் வழக்கம். மிஹ்வா இரண்டாம் நாற்காலியில் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்ட மறுகணமே குறட்டை விட்டாள்.

யுன்சொல் முதல் நாற்காலியின் அருகிலிருந்த கணினித் திரையை ஒருமுறை பார்த்தாள். பூன்ரேயின் தாடை, கடலிலிருந்து எடுத்த ஏதோ ஒரு சங்கைப்போல அதில் மிதந்துகொண்டிருந்தது. அதன் உள்ளே, காதுப்பக்கத்திலிருந்து மோவாய்ப்பக்கம்வரை, ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று வழவழப்பாக ஓடியது. யுன்சொல் வரைந்த கோடு அது. நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி, நடுவே நான்கைந்து புள்ளிகள். இவற்றை வைத்தால் கணினி இணைத்துச் சாயம் பூசிவிடும். அதற்கு மேலே திருகின் உருவம் நின்றது. இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி உண்டென்று பச்சை நிற அடையாளம் ஒளிர்ந்தது. அந்தப் படத்தை நகரத்தில் பல் அச்சு செய்யும் கூடத்துக்கு அனுப்பி, அங்கே செய்துகொடுத்த வழிகாட்டி அச்சும் வந்துவிட்டது. பற்களின்மேல் கவ்வி உட்காரும் அந்த அச்சில் ஒரு துளை; அந்தத் துளை காட்டிய இடத்தில், காட்டிய சாய்வில் துளைத்தால் போதும். அச்சு தட்டில் பளபளத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் சரியாக இருந்தது. யுன்சொல் சாய்ந்து படுத்தாள். கீழே எண்ணெய் பிழியும் இயந்திரம் தடக், தடக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எள் மணம் ஒரு போர்வையைப்போல அவளை மூடியது.

அவள் ஒரு சுரங்கப்பாதையில் நடந்துகொண்டிருந்தாள். சுவர்கள் வெண்மையாக, கடற்பஞ்சைப்போலத் துளைகள் நிறைந்து, மெல்லிய ஒளியைக் கசியவிட்டன. பாதையின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆறு. குனிந்து கையை விட்டாள், நனையவில்லை.

"அது ஆறு இல்லம்மா. சாயம்," என்றது ஒரு குரல்.

ஆற்றோரத்தில் ஒரு நண்டு நின்றது. ஊருக்கு வெளியே சேற்றுவெளியில் ஆயிரக்கணக்கில் திரியும் அதே இனம். ஒரு கொடுக்கு பெரியது, ஒரு கொடுக்கு சிறியது. பெரிய கொடுக்கில் ஒரு காகித விளக்கைப் பிடித்திருந்தது.

"சாயமா? அப்ப நெஜ ஆறு எங்க?"

"சாயத்துக்கு அடியில ஒண்ணு. சாயம் பூசாத எடத்துல இன்னொண்ணு."

"இன்னொண்ணா? தாடைக்குள்ள நரம்புக்கு ஒரு வழிதான் உண்டு. படிச்சிருக்கேன்," என்றாள் யுன்சொல், சற்றுக் கண்டிப்பாக.

நண்டு கண்களை நீட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தது. "ஒத்தை வாசல் வெச்சு வளை தோண்டச் சொல்றியா? ஒரு பக்கம் கொக்கு மூக்கை விட்டுச்சுன்னா நான் எந்தப் பக்கமாப் போவேன்? எங்க ஜனத்துல யாரைக் கேட்டாலும் சொல்லும். சில வளைக்கு ஒண்ணு, சில வளைக்கு ரெண்டு. தோண்டினவங்க இஷ்டம். வந்து பாத்தால்ல தெரியும்?"

அது பக்கவாட்டில் நடந்து சுவரில் ஏறியது. பின்தொடர்ந்த யுன்சொலின் கைக்கு எலும்பு ஈரமான பஞ்சாக வழிவிட்டது. பெரிய பாதைக்கு மேலே, குனிந்துதான் போகவேண்டிய ஒரு சிறு பாதை இருந்தது. அங்கே சாயம் ஏதுமில்லை. சாம்பல் நிறமான நீர் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாதையின் முடிவில் ஒரு குட்டி ஜன்னல். அதன் வழியே அவள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

கீழே ஓர் ஊர் தெரிந்தது. கூரைகளும் சந்துகளும் உள்ள, உதட்டின் வடிவத்தில் வளைந்து கிடந்த ஊர். அதன்மேல் பனி பெய்தது. பனி விழ விழ வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மரப்பு ஊசியின் பனி அது என்று யுன்சொலுக்கு எவரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. ஊர் முழுவதும் இருண்ட பிறகும், ஓரத்தில் ஒரே ஒரு சிறு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேர்க்கடலை அளவு வெளிச்சம். அதனுள்ளே பூன்ரே உட்கார்ந்து, நாரை உதட்டில் வைத்து அமைதியாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அந்த ஒரு வீடு மட்டும் தூங்கல?"

"பனி பெரிய சாலையை மூடுச்சு. அந்த வீட்டுக்கு எண்ணெய் போறது இந்தச் சந்து வழியா," என்றது நண்டு.

அப்போது மேற்கூரை அதிர்ந்தது. தடக், தடக். வெள்ளி நிறத் தூண் ஒன்று மெல்லச் சுழன்றபடி கூரையைத் துளைத்து இறங்கத் தொடங்கியது. பெரிய ஆற்றின் அருகே அது வரவில்லை. சொன்னபடியே தாராளமாக இடம் விட்டிருந்தது. ஆனால் சிறிய சந்தின் நடுவில் நேராக இறங்கியது. பூன்ரே நிமிர்ந்து பார்க்கவில்லை. யுன்சொல் கூவ வாயெடுத்தாள். அவளுடைய உதடு மரத்துப்போயிருந்தது.

விழித்தபோது எண்ணெய் இயந்திரம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நாக்கால் தன் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கனவு கலைந்துவிட்டது, வேர்க்கடலை கலையவில்லை. அவள் போட்ட ஊசி நரம்பை எலும்புக்குள் நுழையும் முன்பே மரக்கச் செய்வது. நரம்பு ஒன்றே என்றால் அது உணர்வு தரும் உதடு முழுவதும் உறங்கியிருக்க வேண்டும். ஓர் ஓரம் மட்டும் விழித்திருந்தது என்றால், அந்த ஓரத்துக்கு உணர்வு வேறு வாசல் வழியாக வருகிறது. வசந்தத்திலேயே பூன்ரேயின் வாய் இதைச் சொல்லிவிட்டது. இன்று தொக்சிம் சிரித்துக்கொண்டு சொன்னாள். கேட்டவளும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரையின் முன் அமர்ந்து ஆரஞ்சுக் குழாயை மறைத்தாள். தாடை வெறும் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. சாயம் இருந்தவரை கண் அதையேதான் பார்த்தது. சுற்றியிருந்ததெல்லாம் வெறும் மூட்டம். இப்போது மூட்டத்தையே பார்த்தாக வேண்டியிருந்தது. ரொட்டியை நறுக்குவதுபோலக் கணினி நறுக்கிக் கொடுத்த துண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனாள். பெரிய கால்வாயின் வட்டம் வந்தது. அதற்கு மேலே, எலும்பின் பஞ்சுத்துளைகளுள் ஒன்றுதான் என்று எவரும் தள்ளிவிடக்கூடிய ஒரு கறுப்புப் பொட்டு. அடுத்த துண்டிலும் அதே பொட்டு. அதற்கடுத்ததிலும். பஞ்சுத்துளை என்றால் இப்படித் தொடர்ந்து வராது. பின்னாலிருந்து தனியே புகுந்து, மோசி இழைபோல மெலிந்து ஓடி, பெரிய வாசலுக்குச் சற்றுப் பின்னே தனக்கென்று ஒரு சிறு வாசல் வழியாக அது வெளியேறியது. திருகின் உருவம் அதன் குறுக்கே நின்றது. பச்சை அடையாளம் இன்னும் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அவள் வரைந்து காட்டியதை மட்டுமே காவல் காக்க அதற்குத் தெரியும்.

"டாக்டர், ரெண்டு அடிக்கப்போகுது. அவங்களை உள்ள கூப்பிடவா?" மிஹ்வா துண்டை மடித்தபடி கேட்டாள்.

"இன்னிக்குத் திருகு போடல."

"ஐயோ! அச்சு வந்தாச்சு, கருவியெல்லாம் அவிச்சு எடுத்து வெச்சாச்சு. மறுபடி அச்சு வரணும்னா அறுவடைப் பண்டிகை தாண்டிடும், டாக்டர். அளவு ஏதும் தப்பா செஞ்சு அனுப்பிட்டாங்களா?"

"அவங்க ஒண்ணும் தப்பா செய்யல. நான் ஒரு வழியைக் காட்டினேன், அந்த ஒரு வழிக்குச் செஞ்சு குடுத்தாங்க. இங்க ரெண்டு இருக்கு."

மிஹ்வா திரையருகே வந்து கண்களைச் சுருக்கிப் பார்த்தாள். நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததும், "அம்மாடி," என்று மட்டும் சொல்லிவிட்டு, விரித்து வைத்த பச்சைத் துணியைத் தானாகவே மடிக்கத் தொடங்கினாள்.

யுன்சொல் அந்த மெல்லிய வழிக்கு நீல வண்ணம் கொடுத்து, பூன்ரேயையும் தொக்சிமையும் உள்ளே அழைத்துக் காட்டினாள். "இது உங்க தாடை. பெரிய நரம்பு இது. இந்த நீலம் இன்னொண்ணு. எல்லாருக்கும் இப்படி இருக்காது. திட்டம் போட்டப்போ நான் இதைப் பாக்கலம்மா. தப்பு என்னோடது. அந்த ஓரம் மட்டும் முழிச்சிருந்துச்சுன்னு இவங்க சொன்னதை நான் அப்பவே யோசிச்சிருக்கணும்."

"ரெண்டு வழியா? எனக்கா?" பூன்ரே படத்தையே பார்த்தாள்.

"நான் சொல்லலையா!" என்றாள் தொக்சிம். "அக்கா எதையாவது நேரா செஞ்சிருக்காளா? எலும்புக்குள்ளகூடக் குறுக்குச் சந்து வெட்டி வெச்சிருக்கா!"

பூன்ரே சிரிக்கவில்லை. "இன்னிக்குப் போட்டிருந்தா?"

"அந்த ஓரம் தூங்கியிருக்கும். திரும்ப எழுந்திருக்காமலே போயிருக்கலாம்."

பூன்ரே உதட்டின் இடது ஓரத்தை விரல் நுனியால் தடவினாள். கூட்டத்தில் தொலைந்து கிடைத்த குழந்தையின் தலையைத் தடவுவதுபோல. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, பண்டிகைக்கு அப்புறம் போடுங்க. நல்லதாவே போச்சு. காயத்தை வெச்சுகிட்டுக் கஞ்சி குடிக்க இருந்தேன். இப்ப பொரிச்ச மீனை ஒரு கை பாக்கலாம்."

பண்டிகை வந்தது, நிலவு தேய்ந்தது, நாணல் பூக்கள் வெளுத்தன. யுன்சொல் திட்டத்தை முதலிலிருந்து போட்டாள். திருகின் நீளத்தைக் குறைத்தாள். நீல வழியிலிருந்து விலகி, நாக்கின் பக்கமாகச் சற்றே சாய்த்தாள். சாய்த்த பிறகு அந்தப் பக்கத்தையும் துண்டு துண்டாகப் பார்த்தாள். ஏனென்றால் பூன்ரேயின் எலும்பு அங்கே கிண்ணம்போல உள்வாங்கியிருந்தது. அளவுக்கு மீறிச் சாய்ந்தால் திருகு எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடம் கிடைத்தது. அதற்குள் நிற்கும்படியே புதிய அச்சு வந்தது.

திருகு இறங்கும் நாளன்று இரண்டு ஊசி போட்டாள். ஒன்று பெரிய வழிக்கு. இன்னொன்று, எங்கே என்று இப்போது தெரிந்துவிட்ட சிறிய வழிக்கு. சற்று நேரத்தில் பூன்ரேயின் கண்கள் அகன்றன.

"டாக்டரம்மா," என்றாள் குழறிக்கொண்டு, "வேர்க்கடலையும் தூங்கிடுச்சு."

"தூங்கத்தான் ஊசி போட்டேன். சாயங்காலம் எழுந்துடும்."

சொன்ன பிறகும் யுன்சொல் திரையில் நீல வழியை இன்னொருமுறை பார்த்துக்கொண்டாள். அச்சைப் பற்களின்மேல் உட்கார்த்தினாள். நீரைத் தெளித்துக்கொண்டே துளைத்தாள். திருகு மெதுவாகச் சுழன்று, எலும்புக்குள் தன் இடத்தில் போய் நின்றது. படமெடுத்துப் பார்த்தாள், இரண்டு வழிகளும் தொடப்படாமல் இருந்தன. படத்தில் இருந்தன. உதட்டில் இருக்கின்றனவா என்பதை உதடுதான் சொல்ல வேண்டும்.

பூன்ரே வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். கன்னத்தில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்ற நோயாளிகள் வந்துபோனார்கள். ஒவ்வொருவர் போன பின்பும் யுன்சொல் வெளியே வந்து, பஞ்சை முறுக்கி அதன் நுனியால் அவளுடைய உதட்டை வருடினாள்.

"இங்க?"

"ம்ஹூம்."

"இங்க?"

"பஞ்சா அது? நீங்க தொடவே இல்லைன்னு நெனச்சேன்."

மாலை வெயில் சாயும்போது மோவாய் விழித்தது. பிறகு உதட்டின் நடுப்பகுதி. ஓரம் விழிக்கவில்லை. கீழே எண்ணெய்க் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அது நின்ற பிறகுதான் நாள் முழுவதும் அது அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த அமைதியில் படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது. வேலை முடிந்து தொக்சிம் வந்திருந்தாள்.

"என்னக்கா, வேர்க்கடலை இன்னும் முழிக்கலையா?"

பூன்ரே தலையை மட்டும் அசைத்தாள். தொக்சிம் கேலி செய்ய வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அருகில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஈரத் துணியில் சுற்றிய இரண்டு இழைகளை எடுத்தாள். "பஞ்செல்லாம் உனக்குப் புரியாது. கண்ணை மூடு. ஒண்ணு நீ நேத்து பிளந்தது. ஒண்ணு நான் இன்னிக்குப் பிளந்தது. எது யாரோடதுன்னு சொல்லு."

பூன்ரே கண்களை மூடினாள். முதல் இழையை வாங்கி, மரக்காத வலது ஓரத்துக்குக் கொண்டுபோனவள், பிறகு இடது ஓரத்துக்கு மாற்றினாள். இழை உதட்டின்மேல் மெல்ல நகர்ந்தது. முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. மிஹ்வா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். யுன்சொலுக்குப் பனி மூடிய கூரைகள் நினைவுக்கு வந்தன.

பூன்ரே அந்த இழையை மடியில் வைத்துவிட்டு, இரண்டாவதை வாங்கினாள். அதே ஓரத்தில், அதே மெதுவில் இழுத்தாள். பாதியில் நிறுத்தினாள். பின்னோக்கி இழுத்தாள். அவளுடைய புருவங்கள் நெருங்கின.

"தொக்சிம்," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"சொல்லுக்கா."

"இதைப் பல்லால பிளந்தியா, இல்ல கோடாலியால பிளந்தியா?"

தொக்சிம் பெஞ்சு அதிரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "வந்துடுச்சு, டாக்டரம்மா! உதடும் வந்துடுச்சு, கொழுப்பும் வந்துடுச்சு!"

பூன்ரே கண்களைத் திறந்தாள். வீங்கிய கன்னத்தோடு கோணலாகச் சிரித்து, கைப்பையைத் துழாவி, ஒரு பொட்டலத்தை எடுத்து யுன்சொலின் மேலங்கிப் பைக்குள் திணித்தாள்.

அவர்கள் போன பிறகு யுன்சொல் பெஞ்சில் உட்கார்ந்து பணியாரத்தைத் தின்றாள். அது பல்லில் ஒட்டிக்கொண்டது. மறந்துபோன இழை ஒன்று பெஞ்சின் விளிம்பில் கிடந்தது. எடுத்துத் தன் உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தாள். யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே மூடுபனி மறுபடியும் கூரைகளின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஓர ஜன்னலருகில் இருந்த ஒன்றை மட்டும், எதற்கோ எரியவிட்டுவிட்டுப் படியிறங்கினாள்.